முதல் சிடிக்கு மட்டும் போட்ட சுழி

சதுரமான வெள்ளைக் காகித உறை. நடுவே சிடி தெரிவதற்கான வட்டம். அதன்மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் ஓரமெல்லாம் மஞ்சளித்துவிட்டது. உறையின் மேல்பக்கம் நீல மையில் என் கையெழுத்து. முதலில் ஒரு ‘உ’. அதற்குப் பிறகு ‘மலையடிவாரக் கீதங்கள் 1’. அந்த உ-வைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் அழுத்தி ஒரு வட்டம் போட்டிருக்கிறது. வட்டத்துக்குப் பக்கத்தில், ஏலக்காய் மூட்டைச் சீட்டில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் இரண்டே சொற்கள்: ‘வேற லாட்டு’. என் வேலையில் எத்தனையோ பேர் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயரை விட்டுவிட்டேன் என்று ஒரு குடும்பமே கடைக்கு வந்து கத்தியிருக்கிறது. அவர்களுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இந்த இரண்டு சொற்களுக்குத்தான் இல்லை.

எழுதியவர் போடி கடைவீதியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வீட்டுக்காரர் மேலே எஸ்டேட்டிலேயே கிடப்பார், வாரம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வந்து துணி மாற்றிக்கொண்டு போவார். காய் வாங்குவது, சலித்துத் தரம் பிரிப்பது, மூட்டை கட்டி ஏலத்துக்கு அனுப்புவது எல்லாம் அக்காதான். நான் கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டிலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்து, அவர் கடைக்கு நாலு கடை தள்ளி இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து டைப்பிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். 2005 மழைக்காலத்தில் மூட்டைப் பட்டியல் ஒன்றை அடித்து வாங்க அவர் வந்ததுதான் எங்கள் முதல் பழக்கம்.

அன்றைக்குப் பிரிண்டர் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ஊசிப் பிரிண்டர். அது ஓடினால் எதிரே நிற்பவர் வாயசைவதுதான் தெரியும். அக்கா என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கக்கா” என்றேன். அவர் மறுபடியும் அதே அளவில் சொன்னார். நான் மறுபடியும் கேட்டேன். அக்கா மேசையைச் சுற்றி உள்ளே வந்து, சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டிப் பிரிண்டரை நிறுத்தினார். பாதி அடித்த தாள் அப்படியே தொங்கியது.

“நா ஏத்த மாட்டேன் தாயி. நீ எறக்கு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரோ ஒருவருடைய கோயில் கணக்கு நடுவில் நின்று போயிருந்தது. ஆனால் அந்தக் குரலை நான் அப்போதுதான் கேட்டேன். காற்றும் குரலும் சரிபாதியாகக் கலந்து, ஓரத்தில் லேசாக உரசிக்கொண்டு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் கழுத்தில் தைராய்டு கட்டி வந்து மதுரையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உயிர் பிழைத்தால் குரல் பாதிதான் மிஞ்சும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் கத்தி வைத்தாராம். அவர் சொன்னபடியே பாதி மிஞ்சியது.

அதற்கு முன்பு அக்கா அவர்கள் சர்ச்சுச் சபையின் பாட்டுக்காரி. இருபது வருடம் கொயரில் தனிப்பாட்டு என்றால் அவர்தான். ஆபரேஷனுக்குப் பிறகு சபை அவரிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. “ரெஸ்ட் எடுங்கக்கா” என்றது. முன்வரிசையில் நாற்காலி போட்டது. தனிப்பாட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தது. அக்கா மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலாவது வாரம் எழுந்து போய்க் கொயரில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டார். “குரல் போச்சுன்னு எவ சொன்னா? சத்தந்தான் போச்சு. பாட்டு அங்கனயேதான் இருக்கு” என்று அவர் சொன்னதைக் கடைவீதியே பேசியது. மைக் வைப்பவர் இரக்கப்பட்டு மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்தபோது, அதைப் பழைய தூரத்துக்கே தள்ளி வைத்தாராம்.

இதை நான் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இடது கால் சூம்பியது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பேன். எட்டாம் வகுப்பில் அப்பா மதுரைக்குக் கூட்டிப்போய், ஒரு பக்கம் மட்டும் கட்டை வைத்து உயர்த்திய செருப்பு வாங்கித் தந்தார். நடை நேரானது உண்மைதான். ஆனால் அதைப் போட்ட நாளிலிருந்து ஊர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திராட்சைத் தோட்டத்து வாய்க்காலில் விட்டெறிந்தேன். அப்பா அடித்தார், வாங்கிக்கொண்டேன். யாருக்காவது அந்தச் செருப்பு உதவினால் போட்டுக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான். இதை அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் ஏலக்காய் கிள்ளிக்கொண்டே, “வாய்க்கால்லயா போட்ட? நானா இருந்தா அடுப்புல போட்ருப்பேன்” என்றார். அன்றைக்கு நாங்கள் சிநேகிதமானோம்.

2007-இல் அவர்கள் ஆலயத்துக்கு ஆண்டு விழா வந்தது. சபையின் பாட்டுகளையெல்லாம் பதிவு செய்து நாலு சிடியாகப் போடுவது, சபைக் கம்ப்யூட்டரிலும் வரிசைப்படுத்தி வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. பதிவு செய்ததை வெட்டி, பெயர் போட்டு, அடுக்கித் தருகிற வேலை எனக்கு வந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிற பெண்ணிடம் சர்ச்சுப் பாட்டைக் கொடுப்பதா என்று இரண்டொருவர் கேட்டதாகவும், “அந்தப் புள்ளைக்குத்தான் எழுத்துப் பிழை வராது” என்று அக்கா சொல்லி வாயை அடைத்ததாகவும் கேள்விப்பட்டேன். எழுத்துப் பிழை வராது என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வரிசையை அக்காதான் வைத்தார். முதல் சிடியில் வாத்தியமே கிடையாது. ஏழு பாட்டு, அதில் ஐந்து அக்காவுடையது. இரண்டாவதில் ஆர்மோனியத்தோடு கொயர். மூன்றாவதில் வாலிபர் சங்கம், கீபோர்டும் டிரம் பேடும். நாலாவது, கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருத்தெருவாகப் போய்ப் பாடுகிற பாட்டுகள். தப்பு மேளமும் டிரம்மும் கைத்தட்டலுமாக ஒரே ரகளை. ஒரு முணுமுணுப்பில் ஆரம்பித்து ஊரே சேர்ந்து பாடுவதில் முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. மே மாத வெயிலில், சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, பட்டப்பகலில் ஆலயத்துக்குள் வியர்த்துக் கொட்டப் பாடினார்கள். நான் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அக்கா பாடும்போது எல்லோரும் தாமாகவே முன்னால் சாய்ந்தார்கள். தொட்டில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு சாய்வு. ஒருவரும் செருமக்கூட இல்லை. அந்த ஐந்து பாட்டும் ஆலயத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தன.

இனிமேல் கொஞ்சம் கம்ப்யூட்டர் பேச வேண்டும், பயப்பட வேண்டாம். பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்த ஒரு மென்பொருள் உண்டு. அதில் இரண்டு வழி. ஒன்று, பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக அளந்து எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. மெதுவான பாட்டு ஏறும், பலத்த பாட்டு இறங்கும், கடைசியில் தாலாட்டும் தப்பும் ஒரே சத்தம். இன்னொன்று, முழு ஆல்பத்தையும் ஒன்றாக அளந்து, எல்லாப் பாட்டையும் ஒரே அளவு ஏற்றுவது அல்லது இறக்குவது. அப்போது உள்ளுக்குள் இருக்கிற மேடு பள்ளம் அப்படியே இருக்கும்.

சபைச் செயலாளருக்கு முதல் வழிதான் பிடித்தது. நல்ல மனிதர், கனத்த குரல், வாலிபர் சங்கத்தில் அவர் மகன் டிரம் வாசித்தான். என் கடைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார்: “எல்லாப் பாட்டையும் ஒரே சத்தமா வச்சிரும்மா. நம்ம சனம் பாதி எஸ்டேட்டு ஜீப்புல போறவுக. மலைப்பாதையில மெட்டு ஏறும்போது இஞ்சின் போடுற சத்தத்துல அக்கா பாட்டு எப்படிக் கேக்கும்? அவுக நல்லதுக்குத்தான் சொல்றேன்.” அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஜீப்பில் நானும் போயிருக்கிறேன். அக்காவிடம் கேட்டேன். அவர் சல்லடையைக் கீழே வைக்காமலே, “நாலையும் ஒண்ணா அள. எங்குரல் இம்புட்டு, டிரம்மு அம்புட்டு. இருக்கிறது இருக்கட்டும்” என்றார். கமிட்டியில் பேசிப் பேசி, கடைசியில் அக்கா சொன்னபடி இரண்டாவது வழியில் செய்வது என்று ஒத்துக்கொண்டார்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். ஆல்பமாக அளக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். சிடி ஒவ்வொன்றையும் காதில் மாட்டிக் கேட்டேன், எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு சிடியைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்து, வந்த ஆளுக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அடுத்த சிடியைக் கேட்டேன். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முதல் செட்டின் நாலு உறையிலும் என் கையாலேயே பெயர் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக் கேட்கவில்லை. தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியீடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சபைக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளுக்குக் கம்பி கொடுத்து, ஒவ்வொரு சிடியிலிருந்தும் ஒரு பாட்டு போடுவதாக ஏற்பாடு. முதலில் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுச் சத்தத்தைச் சரிபார்த்தார்கள், ஆலயம் அதிர்ந்தது. பிறகு அக்காவின் பாட்டு. அதுவும் அதே அளவில் வந்தது. டிரம் எவ்வளவோ அவ்வளவு. அக்கா இழுத்த மூச்சு ஒரு ஆள் உயரத்துக்குக் கேட்டது. தொண்டையில் அந்த உரசல், ஒவ்வொரு அடியின் முடிவிலும் காற்று தனியாகப் பிரிந்து போவது, பெஞ்சு முனகியது, வெளியே கத்திய காக்கை எல்லாம் சேர்ந்து இரண்டு பெட்டியிலிருந்தும் கொட்டின. பாட்டைக் காணோம். ஆபரேஷன்தான் கேட்டது.

யாரும் முன்னால் சாயவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். இன்னொருவர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து, “எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் பாடியிருக்கீக” என்றார். செயலாளர் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, “இப்பத்தான் அக்கா பாட்டு காதுல விழுது” என்றார். அக்கா கையை உருவிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு வருடமாக அவர் எதை அண்டவிடாமல் விரட்டினாரோ அந்தப் பரிதாபத்தை நான் மேளம் கொட்டிக் கூட்டி வந்து அவர் மடியில் உட்கார வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றார். கையில் நான் எழுதிக் கொடுத்த நாலு உறைகள். உள்ளே வந்து மேசைமேல் போட்டார்.

“யாரு சொல்லி ஏத்துன?”

“யாரும் சொல்லலக்கா. நா ஏத்தவே இல்லக்கா.”

“அப்பத் தன்னால ஏறிக்கிருச்சாக்கும்? செயலாளர் வந்து பேசிட்டுப் போனதா ஊரே சொல்லுது. ஒனக்கும் எம்மேல பாவமா இருந்துச்சா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ‘ஒனக்கும்’ என்றாரே, அதுதான் வலித்தது. சத்தியம் செய்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். ஆல்பமாக அளக்க வேண்டும் என்கிற இடத்தில் சரியாகத்தான் டிக் இருந்தது. ஆனால் பட்டியலில் முதல் சிடிக்கு எதிரே கூட்டல் குறி, மற்ற மூன்றுக்கும் எதிரே கழித்தல் குறி. ஒன்றாக அளந்திருந்தால் நாலுக்கும் ஒரே குறி, ஒரே எண் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? நிறுத்தி ஓட்டினேன், மறுபடியும் ஓட்டினேன். அதே கூட்டல், அதே கழித்தல்.

அக்கா அவ்வளவு நேரமும் உறைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலையும் மேசையில் வரிசையாக, மூட்டை அடுக்குகிற மாதிரி அடுக்கினார். முதல் உறையில் விரலை வைத்தார்.

“ஏத்தா, இது என்ன, இதுல மட்டும் சுழி?”

“அது... புதுசா எது எழுதினாலும் மொதல்ல போடுறதுக்கா. கை தானாப் போட்ரும்.”

“கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான் போட்டியா?”

நான் திரையைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. சர்ச்சுப் பாட்டுக்குப் பிள்ளையார் சுழி! முதல் சிடியின் ஏழு பாட்டுக்கும் ஆல்பத்தின் பெயர் ‘உ மலையடிவாரக் கீதங்கள்’. மற்ற மூன்றுக்கும் வெறும் ‘மலையடிவாரக் கீதங்கள்’. முதல் சிடிக்கு அடித்ததைத்தான் அதன் ஏழு பாட்டுக்கும் படியெடுத்திருந்தேன். இரண்டாவதற்குப் போனபோது ஆரம்பம் முடிந்துவிட்டதால் சுழி இல்லை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் போடுகிற வழக்கம்தானே.

“நாலு மூட்டை ஒரே லாட்டுன்னா,” என்றார் அக்கா, “நாலுலயும் அள்ளி ஒண்ணாக் கலந்துதான் மாதிரி எடுக்கணும். ஒரு மூட்டைக்கு மட்டும் மார்க்கு மாத்திப் போட்டா ஏலத்துல அது தனி லாட்டு. தனி மாதிரி, தனி மதிப்பு. ஒம் மிஷினும் ஏலக்காரன் மாதிரிதான் போல. மார்க்கத்தான் பாக்கும், காயப் பாக்காது.”

இடுப்பில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். பக்கத்தில் அந்த இரண்டு சொற்களை எழுதினார். கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தவள் நான். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து, மவுஸைக்கூடத் தொடாமல் அவர் கண்டுபிடித்துவிட்டார். பெயர் ஒன்றாக இருந்தால்தான் மென்பொருள் ஒரே ஆல்பம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன். நாலுக்கும் ஒரே கழித்தல், ஒரே எண். அக்காவின் குரல் இறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அக்கா எழுந்து முந்தானையை உதறினார். “மன்னிச்சுக்க புள்ள, ஒன்னிய சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

பிழையைக் கண்டுபிடித்தது பாதி வேலைதான். கொடுத்த சிடிகளைத் திரும்ப வாங்கி வேறு கொடுக்க வேண்டும். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “நல்லாத்தான கேக்குது, பெறகு எதுக்கு மாத்தணும்?” என்றார். தவறுதலாகக் கிடைத்த விருப்பத்தை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? கமிட்டி கூடியது. விளக்கம் சொல்ல என்னையும் வரச்சொன்னார்கள். ஆலயத்தின் பக்கத்து ஹாலில், சாலையில் மூணாறு பஸ் உறுமிக்கொண்டு போக, தலைக்குமேல் ஐந்து மின்விசிறிகள் லொடலொடவென்று சுற்ற, நான் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். நான் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். “பேர் போட்டதுல ஒரு எழுத்து கூடிப்போச்சு, அம்புட்டுத்தான்” என்று என் தவற்றை ஒரு வரியில் முடித்தார். எந்த எழுத்து என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குப் பேச்சே வேறு திசைக்குப் போயிருக்கும்.

பிறகு சிடியை ஏன் மாற்ற வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். பாதி வார்த்தை மின்விசிறியில் போனது.

“சத்தமாச் சொல்லுங்கக்கா, கேக்கல” என்றார் செயலாளர்.

அக்கா இன்னும் மெதுவாகப் பேசினார். வேண்டுமென்றேதான். எனக்குத் தெரியும், நான் பிரிண்டரில் பட்டவள். எல்லோரும் காதைத் தீட்டினார்கள். ஒருவர் எழுந்து அவர் தலைக்குமேல் இருந்த மின்விசிறியை நிறுத்தினார். அக்கா குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. இன்னொரு மின்விசிறி நின்றது. பிறகு மூன்றாவது, நான்காவது. வியர்வை எல்லோர் கழுத்திலும் ஓடியது. கடைசி மின்விசிறியையும் யாரோ நிறுத்த, செயலாளரே எழுந்து போய்ச் சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அங்கேயே நின்று காதைக் கொடுத்தார். பேசிக்கொண்டிருந்த அக்கா நிறுத்தினார்.

“இப்பக் கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“நா ஏத்தல. நீங்க எறக்குனீக. அம்புட்டுத்தான் நாங் கேக்குறது.”

உட்கார்ந்துவிட்டார். கமிட்டி ஒத்துக்கொண்டது. சிடி மாறியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால், புது உறையில் ‘முதல் சிடி மெதுவாகத்தான் இருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன். அப்படியும் எஸ்டேட் ஜீப்புகளில் முதல் சிடிக்குச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, இரண்டாவது ஆரம்பித்ததும் டிரைவர்கள் திடுக்கிட்டார்கள். எங்களை ஏசினார்கள். அக்காவிடம் சொன்னேன். “கூட்டுன கைக்குக் கொறைக்கத் தெரியாதா?” என்றார்.

அவர் ஜெயித்தார் என்று நினைத்து நான் சும்மா இருந்துவிட்டேன். சுழியை அழித்ததைப் பற்றி அவர்தான் ஒருநாள் எடுத்தார். “ஏன் புள்ள, அதை ஒரேயடியா எடுத்துட்டியா?” என்றார். சர்ச்சுப் பாட்டில் அது எப்படி இருக்கலாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் காற்றாகத்தான் வரும். “சபைக்குக் குடுத்ததுல எடுத்தது சரி. ஆனா நாஞ் சுழி வேணாம்னா சொன்னேன்? ஒண்ணுக்கு மட்டும் போட்டியே, அதைத்தான் வேணாம்னேன்” என்றார்.

2010-இல் ஒரு காலைப்பொழுதில், கடையில் காய் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. மறுநாள் முற்பகல் அடக்க ஆராதனை. ஆலயம் கொள்ளாத கூட்டம். போதகர் ஜெபம் முடித்ததும் முதல் சிடியின் முதல் பாட்டைப் போட்டார்கள். அந்தக் கூட்டத்தின் விசும்பலிலும் மின்விசிறிகளின் இரைச்சலிலும் அக்காவின் குரல் எங்கேயோ அடியில் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் சத்தம் கூட்டும் திருகை நோக்கிக் கையை நீட்டினார். செயலாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாக நடந்து போய், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி மின்விசிறிகளை நிறுத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆலயம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நான் எல்லோருக்கும் பிறகு, வெளியே வந்துதான் அழுதேன்.

இன்றைக்கு எல்லாப் பாட்டும் ஃபோனிலேயே இருக்கிறது. வாங்கும்போதே எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்குகிற ஏற்பாட்டைப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். யாரும் நம்மைக் கேட்பதில்லை. புது ஃபோன் வந்தால் நான் முதலில் தேடிப் போய் அணைப்பது அதைத்தான். வீட்டில் மகள், “என்னம்மா ஒண்ணுமே கேக்கல” என்பாள். “டிவிய நிறுத்து” என்பேன். அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். கூட்டிக் கேட்டே பழகிய காது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கப் பழகட்டும். மெதுவாக இருப்பது பிழை என்று சொல்கிற எந்த இயந்திரத்துக்கும் என் வீட்டில் இடமில்லை. நான் இன்னமும் சாய்ந்துதான் நடக்கிறேன்.

சபைக் கம்ப்யூட்டரில் நான் அழித்தது அழித்ததுதான், அது அவர்கள் வீடு. என்னுடைய கம்ப்யூட்டரில் என் பிரதி தனியாக இருக்கிறது. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு மத்தியானம், குளித்துவிட்டு வந்து, அதைத் திறந்து பெயர்களைத் திருத்தினேன். நாலு சிடிக்கும், ஒவ்வொரு பாட்டின் ஆல்பம் பெயருக்கும் முன்னால், ஒன்றுவிடாமல் ஒரு உ போட்டேன். ஓட்டிப் பார்த்தேன். நாலுக்கும் ஒரே எண். இந்த உறையை எடுக்கும்போதெல்லாம் சிவப்பு வட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்வேன்: நல்லாப் பாருங்கக்கா, இப்ப எல்லாம் ஒரே லாட்டு.